இராமநாதபுரம் கடற்கரையில் கேரவன் பயணம்: நண்பர்கள் வீடுகளைத் தொட்டுச் செல்லும் தம்பதியருக்கான முழுமையான வழிகாட்டி

தொண்டியில் தொடங்கி, தேவிபட்டினம் வழியாக இராமேசுவரம் சென்று திரும்பி, கீழக்கரை, ஏர்வாடி, சாயல்குடி வரை கேரவனில் செல்லவும், வழியிலுள்ள நண்பர்களின் வீட்டு வாசல்களிலேயே இரவுகளைக் கழிக்கவும் விரும்பும் கணவன் மனைவிக்காக இதை எழுதுகிறேன். நானும் என் மனைவியும் இவ்வழியில் பலமுறை சென்றிருக்கிறோம். எங்களுக்குப் பின் கிளம்பியவர்கள் எங்கெங்கே திணறினார்கள் என்பதையும் அருகிலிருந்து பார்த்திருக்கிறோம். சாலையில் திணறியவர்கள் குறைவு. நண்பரின் வீட்டு வாசலுக்கு வந்த பிறகு, தண்ணீரிலும் மின்சாரத்திலும் விருந்தோம்பலிலும் திணறியவர்களே மிகுதி. ஆகவே கீழுள்ள படிகளை இதே வரிசையில் செய்யுங்கள்.

1. வண்டியைத் தேடும் முன் நண்பர்களின் நாட்களைக் கேளுங்கள்

பெரும்பாலோர் முதலில் வண்டியை முன்பதிவு செய்துவிட்டு, அதன் பின் நண்பர்களுக்குத் தொலைபேசியில் சொல்கிறார்கள். அப்போது தேதி உறுதியாகிவிட்டதால், நண்பர்தான் தம் வேலையை மாற்றிக்கொள்ள வேண்டியிருக்கிறது. இக்கடற்கரையில் பலருக்கு அது எளிதல்ல.

விசைப்படகில் செல்லும் நண்பர் கடலுக்குப் போகும் நாளில் நீங்கள் போய்ச் சேர்ந்தால், அவர் மறுநாள் கரை திரும்பியதும் மீனை இறக்கி விற்றுவிட்டு உறங்கத்தான் முடியும். ஞாயிற்றுக்கிழமை கடலுக்குச் செல்லாத கிறித்தவ மீனவக் குடும்பங்களுக்கு அந்த நாளே பொருத்தமானது. அதிலும் காலைத் திருப்பலி முடிந்த பிறகு. கீழக்கரை, பெரியபட்டினம் போன்ற ஊர்களில் வெள்ளிக்கிழமை நண்பகலில் போய் இறங்காதீர்கள். தொழுகை முடிந்து ஆண்கள் வீடு திரும்பும் நேரத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள். நோன்பு மாதமானால் மாலையில் நோன்பு திறக்கும் வேளைக்கு முன்னதாகப் போய்ச் சேர்வது நல்லது. பகலில் சென்றால், தாம் நோன்பிருந்தபடியே உங்களுக்காக அடுப்பு மூட்டுவார்கள்.

நெல் பயிரிடும் நண்பருக்குத் தை மாதம் அறுவடை. முண்டு மிளகாய் பயிரிடுபவருக்கு மாசி, பங்குனியில் பழம் பறிப்பதும் களத்தில் காயவைப்பதுமாக வேலை இருக்கும். ஒவ்வொருவரிடமும் தோதான இரண்டு நாட்களைக் கேட்டு எழுதிக்கொண்டால், பயணத்தின் எலும்புக்கூடு அந்தத் தாளிலேயே கிடைத்துவிடும்.

2. மாதத்தை முடிவு செய்யுங்கள்

பொங்கல் முடிந்தது முதல் மார்ச் நடுப்பகுதி வரையிலான காலமே இப்பயணத்துக்கு ஏற்றது என்பது என் உறுதியான கருத்து. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை பெய்யும்; தொண்டி, தேவிபட்டினம் பக்கத்துப் பாக் நீரிணைக் கரையில் காற்றும் அலையும் மிகும். தென்மேற்குக் காற்று வீசும் ஆனி, ஆடியில் மன்னார் வளைகுடாப் பக்கம் கொந்தளிக்கும். தனுஷ்கோடிச் சாலையில் மணல் வாரியடிக்கும்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகு நண்பர்கள் கரையில் இருப்பார்கள். பதநீரும் நுங்கும் கிடைக்கும். ஆயினும் அது கத்திரி வெயிலும் சேரும் காலம். தகரக் கூரை வண்டிக்குள் பகலில் அமர முடியாது. தடைக்காலத்தில்தான் நண்பரைக் காண முடியும் என்றால், பயணத்தை இரண்டு மூன்று வீடுகளோடு சுருக்கிக்கொள்ளுங்கள்.

தவிர்க்க வேண்டிய நாட்களும் உண்டு. தை, ஆடி அமாவாசைகளில் இராமேசுவரம், சேதுக்கரை, தேவிபட்டினம் மூன்றிலும் தர்ப்பணத்துக்கு வரும் கூட்டத்தில் பெரிய வண்டியைத் திருப்பக்கூட இடமிருக்காது. செப்டம்பர் 11 அன்று பரமக்குடியிலும், அக்டோபர் 28 முதல் 30 வரை பசும்பொன்னிலும் நடைபெறும் நினைவு நிகழ்வுகளை ஒட்டி, மாவட்டத்தில் வாகனப் போக்குவரத்துக்கு, குறிப்பாக வெளியூர் வாடகை வண்டிகளுக்கு, கட்டுப்பாடுகள் விதிக்கப்படுவது வழக்கம்.

3. தெருவுக்கு ஏற்ற வண்டியைத் தேர்ந்தெடுங்கள்

இருவருக்குப் பெரிய வண்டி தேவையில்லை. டெம்போ டிராவலர் அளவிலான வேனில் அமைக்கப்பட்ட கேரவன் போதும். பேருந்தின் நீளமுள்ளவை கிழக்குக் கடற்கரைச் சாலையில் சுகமாக ஓடும். ஆனால் நண்பரின் வீடு அந்தச் சாலையில் இருக்கப்போவதில்லை. மீனவக் குப்பங்களில் தெரு குறுகலாகவும், மின்கம்பி தாழ்வாகவும் இருக்கும். கீழக்கரையின் பழைய தெருக்களில் இரண்டு ஆட்டோக்கள் எதிரெதிரே வந்தாலே ஒன்று ஒதுங்க வேண்டும்.

வண்டியின் உயரத்தை, கூரைமேல் உள்ள ஏசியையும் சேர்த்து, நீங்களே அளந்து ஓட்டுநர் இருக்கைக்கு எதிரே எழுதி ஒட்டுங்கள். வாடகைக்கு விடுபவர் சொல்லும் உயரத்தில் ஏசி சேர்ந்திருப்பதில்லை. கம்பியில் முதலில் தட்டுவது அதுதான்.

இலகுரக வாகன உரிமம் 7,500 கிலோ மொத்த எடை வரையிலான வண்டிகளுக்குச் செல்லும். அந்த எடை பதிவுச் சான்றிதழில் அச்சாகியிருக்கும், பார்த்துக்கொள்ளுங்கள். வண்டி கேரவனாகவே பதிவு பெற்றிருக்க வேண்டும். இருக்கைகளைக் கழற்றிவிட்டுக் கட்டில் போட்ட வேன்கள் குறைந்த வாடகைக்குக் கிடைக்கின்றன. அனுமதியின்றி அமைப்பை மாற்றுவது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவுக்கு எதிரானது என்பதால், விபத்து நேர்ந்தால் காப்பீட்டுத் தொகை கிடைப்பது சிக்கலாகிவிடும்.

4. நண்பரிடம் முன்கூட்டியே கேட்க வேண்டியவை

இந்தப் படியைத்தான் எல்லோரும் தவிர்க்கிறார்கள், கேட்கக் கூச்சப்படுகிறார்கள். நேரில் போய் நின்றபின் கேட்டால் நண்பர் இல்லையென்று சொல்ல முடியாத நிலைக்கு ஆளாவார் என்பதால், தொலைபேசியிலேயே கேட்பதுதான் மரியாதை.

முதலில் படுக்கை. நீங்கள் வண்டியில் உறங்குவதாகச் சொன்னால், "வீடு இருக்கும்போது தெருவுல படுக்கிறதா?" என்றுதான் இங்கே எந்த வீட்டிலும் கேட்பார்கள். வந்த இடத்தில் இதை மறுத்தால் மனம் வருந்தும். ஆகவே ஒரு வாரம் முன்பே, "அண்ணே, சாப்பாடு, பேச்சு எல்லாம் உங்க வீட்டுலதான். ராத்திரி மட்டும் வண்டியில படுத்துக்கிறோம். மதினிகிட்டயும் இப்பவே சொல்லிருங்க" என்று சொல்லிவிடுங்கள். கீழக்கரை நண்பரானால், அங்கே அண்ணனைக் குறிக்கும் "காக்கா" என்ற சொல்லால் அழைத்து இதையே சொல்லலாம். வீட்டுப் பெண்களின் காதுக்கு இது எட்டியதா என்பதை உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் நீங்கள் வருவதற்கு முதல் நாள் அவர்கள் ஓர் அறையையே காலிசெய்து வைத்திருப்பார்கள். வீட்டுப் பெரியவர் அப்படியும் ஓர் இரவு உள்ளே தங்கச் சொன்னால் தங்கிவிடுங்கள்.

அடுத்து இடம். "வண்டி நிற்குமா?" என்று கேட்டால் நிற்கும் என்றே பதில் வரும். அதற்குப் பதிலாக, "தண்ணீர் லாரி உங்கள் வாசல் வரை வருகிறதா?" என்று கேளுங்கள். லாரி வரும் தெருவில் கேரவனும் வரும். வரவில்லையென்றால், பள்ளிவாசல் மைதானம், தேவாலய வளாகம், ஐஸ் கம்பெனி முற்றம் போன்ற திறந்த இடம் அருகில் உள்ளதா என்று விசாரித்து, அதற்கு உரியவரிடம் நண்பர் மூலமாகவே அனுமதி கேளுங்கள்.

மூன்றாவது, தண்ணீர் வரும் நாள். நான்காவது, 15 ஆம்பியர் பிளக் எங்கே இருக்கிறது என்பது. இவற்றின் காரணத்தைத் தனியே கீழே சொல்கிறேன். ஐந்தாவது, அந்த வாரத்தில் அவர்கள் வீட்டிலோ தெருவிலோ கல்யாணமோ துக்கமோ உண்டா என்பது. பந்தல் போட்ட தெருவுக்குள் வண்டி நுழையாது.

5. வழியின் வரிசை

வடக்கிலிருந்து தெற்காகச் செல்லுங்கள்: தொண்டி, திருப்பாலைக்குடி, தேவிபட்டினம், இராமநாதபுரம், உச்சிப்புளி, மண்டபம், பாம்பன், இராமேசுவரம், அங்கிருந்து அதே சாலையில் இராமநாதபுரம் திரும்பி, திருப்புல்லாணி, கீழக்கரை, ஏர்வாடி, வாலிநோக்கம், சாயல்குடி, கன்னிராஜபுரம்.

இராமேசுவரம் தீவுக்கு ஒரே ஒரு சாலைதான். போன வழியே திரும்ப வேண்டும். அதனால் இராமநாதபுரம் நகரை இருமுறை கடப்பீர்கள். குடிநீர், எரிவாயு, டயர்க் கடை, மெக்கானிக், மருந்து ஆகிய எல்லாவற்றையும் அந்த இரண்டு நிறுத்தங்களில் முடித்துக்கொண்டால், எந்த நண்பரையும் இவற்றுக்காக அலைய வைக்க வேண்டியிருக்காது. தெற்கே முடிப்பதற்கு இன்னொரு காரணம் கருவாடு. மூடிய வண்டியில் கருவாட்டு வாடை ஏறினால் மெத்தையை விட்டுப் போகாது; அதைக் கடைசி ஊரில் வாங்கி, இறுக்கமான மூடியுள்ள தகர டப்பாவில் வையுங்கள்.

ஒரு நாளைக்கு 60 கிலோமீட்டருக்கு மேல் திட்டமிட வேண்டாம். இராமநாதபுரத்திலிருந்து இராமேசுவரம் ஏறத்தாழ 55 கிலோமீட்டர். கீழக்கரை 20 கிலோமீட்டருக்குள். பொழுது சாய்ந்தபின் ஓட்டாதீர்கள். தார் பகலில் வாங்கிய சூட்டுக்காக ஆடுகளும் மாடுகளும் இரவில் சாலையிலேயே படுத்திருக்கும். அறுவடைக் காலத்தில் சாலையோரம் நெல்லும் மிளகாயும் காயும்.

சாலை ஓரத்தில் வண்டியை இறக்கும்போது தரையைப் பாருங்கள். கரிமூட்டத்துக்காகச் சீமைக்கருவேலம் வெட்டிய இடங்களில் முள் சிதறிக் கிடக்கும். அந்த முள் டயருக்குள் ஏறி, காற்றை மெல்ல மெல்ல இறக்கி, மறுநாள் காலையில்தான் தன்னைக் காட்டும். டியூப்லெஸ் டயருக்கான பஞ்சர் பொருட்களும், வண்டி மின்சாரத்தில் இயங்கும் காற்றடிக்கும் கருவியும் கட்டாயம் இருக்க வேண்டும்.

6. தண்ணீர்

இம்மாவட்டத்தின் கடலோர ஊர்களில் நிலத்தடி நீர் பெரும்பாலும் உவர்ப்பு. காவிரிக் கூட்டுக் குடிநீர் குழாயில் வருவது குறிப்பிட்ட நாட்களில்தான். மற்ற நாட்களில் பல வீடுகளில் குடம் கணக்கில் விலைக்கு வாங்குகிறார்கள், அல்லது பெண்கள் ஊற்றுத் தோண்டி, தள்ளுவண்டியில் குடங்களை அடுக்கிக் கொண்டுவருகிறார்கள்.

இதை அறியாமல், வந்து இறங்கியதும் குழாயை மாட்டி வண்டியின் 100 லிட்டர் தொட்டியை நிரப்புவதுதான் புதியவர்கள் செய்யும் மிகப் பெரிய தவறு. ஏழெட்டுக் குடம் நல்ல தண்ணீர் அது. அந்த வீட்டுப் பெண்ணின் ஒரு காலை நேர உழைப்பு. அவர் முகம் சுளிக்கமாட்டார் என்பதற்காக அதை எடுத்துக்கொள்ளக் கூடாது.

சரியான வழி இது. குடிக்கவும் சமைக்கவும் 20 லிட்டர் கேன்கள் மூன்றை இராமநாதபுரத்தில் நிரப்பிக்கொள்ளுங்கள். கோடையில்லாத மாதங்களில் இருவருக்கு அது நான்கைந்து நாட்களுக்கு வரும். குளியலுக்கு நண்பர் வீட்டுக் கிணற்று நீரையோ ஆழ்துளை நீரையோ பயன்படுத்துங்கள்; உப்பு நீரில் சோப்பு நுரைக்காது என்பதைத் தவிர குறையில்லை. அந்த உவர் நீரை மட்டும் வண்டித் தொட்டியில் ஏற்றாதீர்கள். சிறிய பம்பும் குழாய்களும் உப்புப் படிந்து அடைத்துக்கொள்ளும்.

7. மின்சாரம்

12 வோல்ட், 200 ஆம்பியர்-மணி லித்தியம் பேட்டரியில் 2,400 வாட்-மணி இருக்கும். அதில் 1,900 அளவு பயன்படுத்தலாம். சிறு குளிர்ப்பெட்டி ஒரு நாளைக்கு 600, இரண்டு மின்விசிறிகள் இரவெல்லாம் ஓட 450, விளக்கும் கைபேசியும் 150 என்றால் 1,200 ஆகிறது. வெளி மின்சாரமின்றி ஒன்றரை நாள் தாங்கும். ஒரு டன் ஏசியோ மணிக்கு 1,000 வாட்-மணிக்குக் குறையாமல் இழுக்கும். இரண்டு மணி நேரத்தில் பேட்டரி தீர்ந்துவிடும்.

ஆகவே ஏசி வேண்டுமென்றால் நண்பர் வீட்டு 15 ஆம்பியர் பிளக் தேவை. சுவரோரம் உள்ள 5 ஆம்பியர் பிளக்கில் ஏசியை மாட்டினால் பிளக் உருகக்கூடும். 2.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பியுள்ள, எர்த் இணைப்புடன் கூடிய எக்ஸ்டென்ஷன் வயரைக் கொண்டுசெல்லுங்கள். அதைச் சுருளிலிருந்து முழுவதும் அவிழ்த்துவிட்டே பயன்படுத்துங்கள். சுருட்டியபடி பெரும் மின்சுமை ஏற்றினால் உள்ளே சூடேறித் தீப்பிடிக்கக்கூடும்.

நண்பரின் மின்கட்டணத்தையும் எண்ணிப் பாருங்கள். தமிழகத்தில் வீட்டு இணைப்பின் இரு மாதப் பயன்பாடு 500 யூனிட்டைத் தாண்டினால் கூடுதல் யூனிட்டுகளுக்கு மட்டுமன்றி, 500க்குக் கீழான யூனிட்டுகளில் ஒரு பகுதிக்கும் கட்டண விகிதம் உயர்கிறது. எல்லையருகே இருக்கும் வீட்டில் நீங்கள் மூன்று இரவு ஓட்டும் ஏசி அதைத் தாண்டவைக்கலாம். பணம் கொடுத்தால் வாங்கமாட்டார்கள். தை, மாசியில் கடற்காற்றே போதும் என்பதால், விசிறியோடு நிறுத்திக்கொள்ளுமாறு சொல்வேன்.

8. கழிவு

வண்டியின் கழிவறைப் பெட்டி 20 லிட்டர் அளவுதான். இருவருக்கு இரண்டு மூன்று நாட்களில் நிறையும். பனங்காட்டிலோ கடற்கரையிலோ கண்மாய்க் கரையிலோ கொட்டக் கூடாது. அந்த மணலில்தான் யாரோ ஊற்றுத் தோண்டுவார்கள். நண்பர் வீட்டுக் கழிவறை செப்டிக் தொட்டியுடன் இணைந்ததா என்று கேட்டு, அதிகாலையில் நீங்களே ஊற்றிக் கழுவிவிடுங்கள். கிருமிகளைக் கொல்லும் மருந்தைப் பெட்டியில் போட்டிருந்தால் செப்டிக் தொட்டி கெடும், மருந்தில்லாமல் பயன்படுத்துங்கள்.

9. பாம்பன் தாண்டும் நாள்

1988இல் திறக்கப்பட்ட இந்திரா காந்தி சாலைப் பாலம் இரண்டே கால் கிலோமீட்டருக்கும் சற்றுக் கூடுதலான நீளம் கொண்டது. உயரமான வண்டியைப் பக்கக் காற்று தள்ளும் இடம் இது. ஏறுமுன் மண்டபத்தில் நிறுத்திக் கூரைச் சாளரத்தை மூடி, பக்கத் துணிப்பந்தலைச் சுருட்டிக் கட்டி, சூரிய மின்தகடுகளின் திருகாணிகளை அசைத்துப் பாருங்கள். பாம்பன் துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றப்பட்டிருந்தால் அன்று தாண்டாமல் மண்டபத்திலேயே இருந்துவிடுங்கள்.

பாலத்தின் மேல் நிறுத்த அனுமதியில்லை. 2025 ஏப்ரலில் புதிய ரயில் பாலம் திறக்கப்பட்டபின், அதைப் படம் எடுக்க நடுப்பாலத்தில் நிற்பவர்கள் பெருகிவிட்டார்கள்; முன்னால் செல்லும் கார் எந்த நொடியும் நிற்கலாம் என்று எண்ணி இடைவெளி விட்டு ஓட்டுங்கள்.

இராமேசுவரம் கோயிலைச் சுற்றிய தெருக்களுக்குள் கேரவனைக் கொண்டுபோக வேண்டாம். பாம்பன் அல்லது தங்கச்சிமடத்திலுள்ள நண்பரின் தோப்பில் வண்டியை விட்டுவிட்டு, நகரப் பேருந்தில் கோயிலுக்குப் போய் வருவதே எளிது. தனுஷ்கோடிக்கு அதிகாலையில் செல்லுங்கள். அரிச்சல்முனையில் இரவு தங்க அனுமதியில்லை. மாலையில் காவலர்கள் எல்லோரையும் திருப்பி அனுப்பிவிடுவார்கள். வழியில் பெட்ரோல் நிலையம் கிடையாது. சாலையை விட்டு ஒரு சக்கரம் இறங்கினாலும் மணலில் புதையும். புதைந்தால் ஆக்சிலேட்டரை மிதிக்காதீர்கள். டயர் காற்றை 20 பி.எஸ்.ஐ. அளவுக்குக் குறைத்து, சக்கரத்தின் முன் பனை மட்டைகளைப் போட்டு மெல்ல ஏற்றுங்கள். தார்ச்சாலை வந்தவுடன் காற்றை மறுபடி அடித்துவிட வேண்டும்.

10. கடலோரச் சோதனை

இலங்கைக்கு மிக அருகிலுள்ள கரை இது. அடையாளம் தெரியாத வண்டி இரவில் கடற்கரையில் நின்றால் கடலோரப் பாதுகாப்புக் குழுமத்தார் வந்து விசாரிப்பார்கள். அது அவர்கள் கடமை. இருவரின் அடையாள அட்டைகள், வண்டியின் ஆவணங்கள், நண்பரின் பெயர், ஊர் ஆகியவற்றைத் தயாராக வைத்திருங்கள். உச்சிப்புளியில் கடற்படையின் பருந்து விமானதளம் உள்ளதால், அப்பகுதியில் டிரோன் பறக்கவிடும் எண்ணமே கூடாது.

நண்பர் வீட்டுப் பிள்ளைகள் அன்பாகக் கொடுத்தாலும் பவளப்பாறைத் துண்டுகளை வண்டியில் ஏற்றாதீர்கள். அவையும் கடல் அட்டையும் வனவுயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் தடைசெய்யப்பட்டவை; சோதனையில் கிடைத்தால் வண்டியும் பறிமுதலாகும்.

11. இருவருக்கும் இடையிலான ஏற்பாடு

இரண்டு வீடுகளுக்கு ஒருமுறை, ஓர் இரவு நீங்கள் இருவரும் தனியே இருங்கள். தொடர்ந்து விருந்துண்டு, தொடர்ந்து பேசிக்கொண்டிருந்தால், நான்காவது வீட்டில் நீங்கள் சோர்ந்த முகத்தோடுதான் போய் நிற்பீர்கள். அந்த நண்பருக்கு அது நியாயமில்லை. சுற்றுச்சுவர் உள்ள விடுதியின் முற்றத்தில் சிறு தொகைக்கு நிறுத்த அனுமதிப்பார்கள், கேட்டுப் பாருங்கள்.

வேலைகளைப் பிரித்துக்கொள்ளுங்கள். பின்னால் எடுக்கும்போது ஒருவர் கண்டிப்பாக இறங்கி, ஓட்டுபவரின் கண்ணாடியில் தெரியும் இடத்தில் நின்று கை காட்ட வேண்டும். தெருவில் கூடும் பத்துப் பேரும் ஆளுக்கொரு திசை சொல்லும்போது, அந்த ஒரு கையை மட்டுமே பார்ப்பது என்று முன்பே பேசி வையுங்கள். கிளம்பும் முன் எரிவாயு வால்வு, படிக்கட்டு, வயர், சாளரம் ஆகிய நான்கையும் ஓட்டாதவர் தொட்டுப் பார்த்துச் சொன்ன பின்னரே வண்டி நகர வேண்டும். எரிவாயு காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையில் தேங்கும். ஆகவே தரையளவில் உள்ள துவாரத்தை விரிப்பாலோ பையாலோ அடைக்காதீர்கள்.

அன்பளிப்பாக, ஓர் ஊரின் பொருளை அடுத்த ஊருக்குக் கொண்டுசெல்லுங்கள். முண்டு மிளகாயைத் தங்கச்சிமடத்துக்கும், கீழக்கரையின் தொதல் என்னும் இனிப்பைச் சாயல்குடிக்கும், சாயல்குடிக் கருப்பட்டியை உங்கள் ஊருக்கும் எடுத்துச் செல்லலாம். குடிநீர் விலைக்கு வாங்கும் வீடென்று தெரிந்தால், இராமநாதபுரத்தில் இரண்டு கேன் கூடுதலாக நிரப்பி, ஒன்றும் சொல்லாமல் சமையலறை வாசலில் இறக்கி வையுங்கள். எங்கள் அனுபவத்தில் எந்த இனிப்பையும்விட அதற்கே அந்த வீட்டுப் பெண்கள் மகிழ்ந்திருக்கிறார்கள்.

12. வண்டியை ஒப்படைக்கும் முன்

கடற்காற்றின் உப்பு வண்டியின் அடிப்பாகத்தில் படிந்திருக்கும். கடைசி ஊரைத் தாண்டியதும், நல்ல நீர் கிடைக்கும் சர்வீஸ் நிலையத்தில், அடிச்சட்டத்தையும் பிரேக் பகுதிகளையும் நீரைப் பீய்ச்சிக் கழுவச் சொல்லுங்கள். மேலே மட்டும் கழுவினால் துரு கீழிருந்து ஏறும். சூரிய மின்தகடுகளை ஈரத் துணியால் துடைத்துவிடுங்கள். தண்ணீர்த் தொட்டியைக் காலிசெய்து, மூடியைத் திறந்து, ஒரு பகல் முழுதும் காயவிடுங்கள். ஈரத்தோடு மூடினால் அடுத்து எடுப்பவருக்குப் பாசி நாற்றம்தான் கிடைக்கும்.